ஆத்தாயி அம்மாள் அவர்களுக்கு வந்த இரங்கல்கள்

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. என் அண்ணன் தன் போன் திரையை அப்படியே பிடித்து எனக்கு அனுப்பிய படம். அதில் ஒரு வாட்ஸ்அப் குரூப் தெரிகிறது. ஒரு பெயர், அதற்குக் கீழே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது'. இன்னொரு பெயர், அதற்குக் கீழேயும் அதுவே. ஆறு திரை நீளத்துக்கு அதுவே. பெயர் எல்லாம் இருக்கிறது, சொன்னது மட்டும் இல்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. நடுவில் ஒன்று மட்டும் அழியாமல் நிற்கிறது. ஒரு குத்துவிளக்கு, பக்கத்தில் கும்பிட்ட இரண்டு கை. போனில் அந்தச் சுடர் ஆடுமாம். எனக்கு வந்த படத்தில் ஆடவில்லை.

அந்த விளக்கை என் அண்ணன் நம்பிக்கொண்டிருக்கிறான். இந்தக் கதையில் இருப்பது அவ்வளவுதான். அந்த நம்பிக்கை நிற்குமா, போய்விடுமா என்பதுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

காவிரித் தண்ணீர் பாயும் அழகான ஊர் அது. எங்கு பார்த்தாலும் கரும்பும் வாழையும்—

அந்தக் கரும்பில் ஒரு காய்ந்த தோகைகூட எங்களுடையது கிடையாது. விட்டுவிட்டேன். இரண்டாவது தொடக்கம்:

மாதையன் போனைக் கையில் எடுத்தபோது அவன் விரல்கள் நடுங்கின—

நடுங்கியதை யார் பார்த்தது? நான் அப்போது அங்கே இல்லை. இப்போதும் இல்லை. சத்தீஸ்கரில் இருக்கிறேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ராடு மாட்டும் வேலை. பூமியை ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீர் தேடுவோம். ஒரு வாரமாக மழை, வண்டி சேற்றில் நிற்கிறது. அதனால் எழுத நேரம் கிடைத்திருக்கிறது. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. எழுதக் கற்றுக்கொண்டது போனில்தான். இந்த வண்டியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் டிரைவரும். டிரைவர் ஊர்ப் பலகையைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

* மாதையன் என்பது அண்ணனின் உண்மைப் பெயர் கிடையாது. ஊரின் பெயரையும் சொல்லமாட்டேன். மோகனூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாதிகளின் பெயரை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்.

2

எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. ஊரில் ஒருவர் இறந்தால் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லப் போவது காலனிக்காரன் வேலை. எழவு சொல்வது என்போம். எங்கள் தாத்தா நடந்து போய்ச் சொன்னார். அப்பா (அவர் பெயர் சின்னண்ணன்) சைக்கிளில் போய்ச் சொன்னார். நாமகிரிப்பேட்டை வரைக்கும் மிதித்திருக்கிறார். போன இடத்தில் வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும்.

பிறகு எல்லாருக்கும் போன் வந்தது. இனி இந்த வேலை ஒழிந்தது என்று நாங்கள் நினைத்தோம். ஊர்க்காரர்கள் 'நம்ம ஊர் சொந்தங்கள்' என்று ஒரு குரூப் தொடங்கினார்கள். பெங்களூரில் இருப்பவர், துபாயில் இருப்பவர், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு கட்டிப் போனவர் என்று இருநூற்றுப் பதினாறு பேர். தொடங்கியவர் சின்னுசாமி, தோட்டம் துரவு உள்ளவர். காலனியிலிருந்து ஒரே ஒருவனை அதில் சேர்த்தார். என் அண்ணனை.

எதற்கு என்று புரிந்திருக்கும். ஊரில் சாவு விழுந்தால் அண்ணன்தான் குரூப்பில் போடவேண்டும். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு பெற்ற மகனே போனில் தட்டக்கூடாது, அது ஆகாது, அதற்கென்று ஆள் இருக்கிறான் என்று ஏற்பாடு. ரொம்பப் பழைய ஏற்பாடுதான். சைக்கிள் மட்டும் மாறியிருந்தது.

வேறு எதையும் அவன் அங்கே போடக்கூடாது. ஒரு பொங்கலுக்குக் கரும்பும் பானையும் போட்ட வாழ்த்துப் படம் ஒன்றை ஆசையாகப் போட்டுவிட்டான். உடனே நாலு பேர் போன் செய்து யார் செத்தது என்று கேட்டார்களாம். சின்னுசாமி கூப்பிட்டு, "மாதையா, நீ அதுக்கு மட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரூப்பில் 'மாதையன் தட்டச்சு செய்கிறார்' என்று மேலே வந்தாலே துபாயில் இருப்பவன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவானாம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "எமனுக்கே இத்தன மருவாதி இல்லடா தம்பி."

ஆனால் அண்ணனுக்கு எழுத வராது. விவரத்தை எனக்குக் குரலாக அனுப்புவான், நான் எழுதித் திருப்பி அனுப்புவேன், அவன் அதை அங்கே போடுவான். முதலில் பெயர், தோட்டம், எடுக்கும் நேரம் மட்டும் எழுதினேன். ஐந்தாறு சாவுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'தன் மாடுகளைப் பெயர் சொல்லாமல் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.' 'சர்க்கரை ஆலைக்கு வண்டி பூட்டிப் போன காலத்தில் பாட்டுக்குப் பெயர் பெற்றவர்.' ஊருக்கு அது பிடித்துப்போனது. மாதையன் போட்டால்தான் எழவு எழவு மாதிரி இருக்கிறது என்று சின்னுசாமியே சொன்னாராம்.

அப்படி முப்பத்தெட்டுப் பேருக்கு எழுதினேன். நான் எழுதி அச்சில் எதுவும் வந்ததில்லை. நான் இல்லாத ஒரு குரூப்பில் இருநூற்றுப் பதினாறு பேர் என் எழுத்தைப் படித்து அழுதார்கள். எழுத்தாளன் என்று என்னை நானே சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

3

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் அம்மா ஆத்தாயி இறந்துபோனாள்.

[இங்கே அம்மாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். என்னால் ஆகவில்லை.]

நான் அன்றைக்கு ராய்ப்பூர் தாண்டி ஒரு மேட்டில் நின்றிருந்தேன். துளை அறுநூறு அடியில் பாதியில் நிற்கிறது. ரயிலேறினாலும் ஊர் சேர இரண்டு நாள். சிக்னலுக்காகக் கம்ப்ரஸர் லாரியின் மேலே ஏறி உட்கார்ந்து, எங்கள் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்கு அறிவிப்பை எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதியது போலவே எழுதினேன்.

'துயரச் செய்தி. சின்னண்ணன் அவர்களின் மனைவி ஆத்தாயி அம்மாள் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாரின் உடல் இன்று மாலை நான்கு மணிக்கு நல்லடக்கம் செய்யப்படும். நாற்பது வருடம் இந்த ஊர்த் தோட்டங்களில் களை எடுத்தவர். இவர் குனியாத வயல் இங்கே இல்லை.'

அண்ணனுக்கு அனுப்பினேன். அவன் வழக்கம்போல, முப்பத்தெட்டுத் தடவை செய்த பழக்கத்தில், விரல் போன போக்கில் ஊர் குரூப்பில் போட்டுவிட்டான். கை தவறிவிட்டது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்ததாம். எடுத்துப் பார்த்தால் இரங்கல். 'ஆழ்ந்த இரங்கல்.' 'ஓம் சாந்தி.' 'அம்மாவின் ஆன்மா இறைவனடி சேரட்டும்.' சின்னுசாமியே கும்பிட்ட கை இரண்டு போட்டிருந்தார். சாவுச் சேதி என்றால் யாரும் முழுதாகப் படிப்பதில்லை, பார்த்ததும் விரல் தானாகவே தட்டும். நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே. அண்ணன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய், யார் யார் சொல்லியிருக்கிறார்கள் என்று பெயரோடு சத்தமாகப் படித்துக் காட்டினான். ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். எங்கள் பெரியம்மா ஒருத்தி, இன்னொருக்கா படி சாமி என்றாளாம். பதினொரு பெயர் படித்தான்.

அதற்குள் சென்னையில் வேலை பார்க்கும் தனப்பிரியா என்ற பெண் குரூப்பில் கேட்டிருக்கிறாள், எந்தத் தோட்டத்து ஆத்தாயி அம்மாங்க என்று. யாரோ பதில் போட்டார்கள்: 'காலனி மாதையன் அம்மா.'

நாலு நிமிடத்தில் தொடங்கியது.

முதலில் அறிவிப்பு போயிற்று. அட்மின் நீக்கிவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக அவரவர் சொன்னதை அவரவர் அழித்தார்கள். தனப்பிரியாவின் கேள்வியும் அதற்கு வந்த பதிலும்கூடப் போயின. அண்ணன் பன்னிரண்டாவது பெயரைப் படிக்கப் போனபோது அங்கே ஒன்றும் இல்லை. மேலே தள்ளிப் பார்த்தான். படித்துக் காட்டிய பதினொன்றும் கரைந்துகொண்டிருந்தன. அப்புறம் என்னப்பா போட்டிருக்காங்க என்று பெரியம்மா கேட்டாள். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அண்ணன் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

மாலைக்குள் நாற்பத்தொன்று போயிருந்தது. ஒரே ஒரு விளக்கு மட்டும் நின்றது. சின்னுசாமியின் அம்மா சென்னியம்மாள் போட்ட விளக்கு.

* ஆத்தாயி என்று தட்டினால் என் போன் ஒவ்வொரு தடவையும் ஆதாயம் என்று மாற்றுகிறது. சின்னுசாமி என்று தட்டினால் அவருடைய ஜாதிப் பெயரை அடுத்த சொல்லாகத் தானே எடுத்துக்கொடுக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

[எங்கள் ஊர்க்காரர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளவும். கதை முடிந்தது. மற்றவர்கள் மேலே படிக்கலாம்.]

4

கை தவறவில்லை.

போன பகுதியில் நான் எழுதியது ஊர் நம்புகிற கதை. நடந்தது இது. அறிவிப்பை அனுப்பியதும் நான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, ஊர் குரூப்புல போடு."

"எதுலடா?"

"ஊர் குரூப்புல."

"உனக்கென்ன கிறுக்கா? அது அவிய குரூப்பு."

"முப்பத்தெட்டுப் பேத்துக்கு எழுதிக் குடுத்திருக்கறன். அம்மாளுக்கு ஒண்ணு போடப்படாதா?"

அவனுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. நான் லாரியின் மேலே வெயிலில் உட்கார்ந்துகொண்டு, போடு, போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்குத் தைரியம் வருவதில் என்ன ஆச்சரியம். கடைசியில் அண்ணன் சொன்னான்:

"செரி. கேட்டாங்கன்னா கை தவறிப் போச்சுன்னு சொல்லிக்கறன்."

பொய்யை முதலில் தயார் செய்துகொண்டுதான் போட்டான். எனக்காகப் போட்டான்.

மறுநாள் சின்னுசாமி வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டார்கள். அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அப்படி எதுவும் நடந்ததாக நான் எழுதினால் உங்களுக்கும் சுலபம், எனக்கும் சுலபம். அவர்கள் பத்துப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து அமைதியாகப் பேசினார்கள். 'அவர்கள்', 'அம்மாள்' என்று எழுத எப்படி மனசு வந்தது என்று ஒருவர் கேட்டார். எங்கள் வயல் எல்லாம் அவள் குனிந்துதான் விளைந்ததா என்று இன்னொருவர் கேட்டார். குரூப்பில் மன்னிப்புக் கேட்டுவிடு, அதோடு முடிந்தது என்றார்கள். எழுதித் தருகிறேன் என்று, என்னிடம் கேட்டு வாங்க, அண்ணன் போனை எடுத்தான்.

"எழுத வேண்டாம்டா. வாயால சொல்லு."

அந்தக் குரல் பதிவை அண்ணன் எனக்கு அனுப்பவில்லை. நான் கெஞ்சி வாங்கினேன். நாற்பத்தெட்டு விநாடி.

"எல்லா சாமிகளுக்கும் கும்புடுங்க. நான் மாதையன் பேசறனுங்க. நேத்து கை தவறிப் போச்சுங்க. எங்கம்மா செத்தத உங்ககிட்டச் சொன்னது தப்புத்தானுங்க. மன்னிச்சுப் போடுங்க."

மீதி விநாடிகளில் ஒரு மாடு கத்துகிறது. அண்ணனுக்கு பட்டனிலிருந்து விரலை எடுக்கத் தோன்றவில்லை போல. அதற்குக் கீழே யாரோ கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். அதற்கும் கீழே கடைசி வரி: 'சின்னுசாமி உங்களை நீக்கினார்.'

அதன்பிறகு கூலிக்குக் குச்சிக்கிழங்கு பிடுங்க அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் யாரும் அவனை ஒன்றும் செய்யவும் இல்லை, கை தவறியது என்று நம்பியதால். இந்தக் கதை அச்சில் வந்தால் அதுவும் போகும். தெரிந்துதான் எழுதுகிறேனா? தெரியவில்லை. அன்றைக்கும் இப்படித்தான், நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன், அவன் அங்கே இருந்தான்.

5

சென்னியம்மாளை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாள் விட்டுவிட்டேன்.

எழுபத்தெட்டு வயது. படிக்கத் தெரியாது. பேரன் தர்ஷன் ஒரு போன் வாங்கிக் கொடுத்து, சாவுச் சேதி வந்தால் இதை அமுக்கு அப்பத்தா என்று அந்த விளக்கை மட்டும் காட்டிக் கொடுத்திருக்கிறான். முப்பத்தெட்டுச் சாவுக்கும் அதே விளக்கைத்தான் போட்டாள். அம்மா முப்பத்தொன்பதாவது.

நல்லவளாக எழுதிப் பார்த்தேன். 'மகன் வற்புறுத்தியும் அந்த விளக்கை அவள் அணைக்க மறுத்தாள்.' எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. படித்தால் என் நாக்கே கசந்தது. நாற்பது வருடம் எங்கள் அம்மா அவள் தோட்டத்துக்குப் போனாள். கொட்டாங்குச்சியில்தான் டீ. அந்த விளக்கும் இந்தக் கொட்டாங்குச்சியும் ஒரே கையில் இருக்க முடியுமா? முடியலாம். எனக்கு அப்படி ஒரு ஆளை எழுதத் தெரியவில்லை.

அடுத்து, ஒன்றும் தெரியாதவளாக எழுதிப் பார்த்தேன். விளக்குப் போடத் தெரியும், எடுக்கத் தெரியாது. அவ்வளவுதான். இதுதான் நடந்திருக்கும் என்று என் அறிவு சொல்கிறது.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனிடம் ஒரு சாட்சி இருக்கிறது. வைகாசியில் ஒருநாள் அவன் புல்லுக்கட்டோடு போகும்போது சென்னியம்மாள் மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றிருந்தாள். அவனை நிறுத்தினாள்.

"ஏண்டா மாதையா, உங்கம்மா போயி எத்தன நாளாச்சு?"

"மூணு மாசமாச்சுங்க."

"ம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த 'ம்'மை அண்ணன் எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லிக் காட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளமாக. குரூப்பை விட்டு எடுத்த பிறகும் அந்த உரையாடலை அவன் போனிலிருந்து அழிக்கவில்லை. தினமும் திறந்து, மேலே தள்ளி, சுடர் ஆடுவதைப் பார்த்துவிட்டு மூடுகிறான். அவன் மனைவி மலர்விழி சொன்னாள். சாமி கும்பிடுவது மாதிரி பார்க்கிறாராம்.

இங்கே நான் அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

ஒரு குரூப்பிலிருந்து நம்மை எடுத்துவிட்டால், அதன்பிறகு அங்கே நடப்பது எதுவும் நம் போனுக்கு வராது. அதற்குப் பின் அவர்கள் எதை அழித்தாலும் நம் போனில் அது பழையபடி இருக்கும். அண்ணனை எடுத்த அன்றைக்கே தர்ஷனோ சின்னுசாமியோ அந்த விளக்கை அழித்திருக்கலாம். இருநூற்றுப் பதினைந்து போனிலும் அது அணைந்துபோய், வெளியே தள்ளப்பட்டவன் போனில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கலாம்.

அந்தப் படம் வந்த நிமிடமே இது எனக்குத் தெரியும். ஆறு மாதமாகச் சொல்லவில்லை.

6

இன்று காலை சென்னியம்மாள் இறந்துவிட்டாள்.

இப்படி ஒரு முடிவை நான் யோசித்து வைக்கவில்லை. கதையை ஐந்தாம் பகுதியோடு எப்படியாவது முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். சின்னுசாமி போன் செய்தாராம். குரூப்பில் மறுபடி சேர்த்துவிட்டாராம். அறிவிப்புப் போடச் சொன்னாராம், அந்தக் கடைசி வரியோடு.

போடாதே அண்ணா, அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்றேன்.

"வேற யாரா இருந்தாலும் போடமாட்டன்டா. நம்ம அம்மாளுக்கு வெளக்கு வெச்சவிய. நல்லா எழுதிக் குடு."

"அண்ணா..."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

அவன் போனில் இப்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். விளக்கு. அதற்குக் கீழே அவன் குரல். கட்டைவிரல். நீக்கினார். சேர்த்தார். அதற்குக் கீழே விளக்குப் போட்டவளின் சாவுச் சேதி வரவேண்டும்.

என்னிடம் இருக்கும் முடிவுகளைச் சொல்கிறேன்.

விளக்கு அணைந்திருக்கலாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம். அவன் அறிவிப்புப் போடமாட்டான். ஊர் வேறொருவனைப் பிடிக்கும். அம்மாவுக்கு என்று இந்த உலகத்தில் எரிவதாக அவன் நினைக்கும் ஒன்றை நானே ஊதி அணைத்ததாகும்.

அல்லது அந்தக் கடைசி வரியில் உண்மையை எழுதலாம்: 'ஆத்தாயி அம்மாளின் மறைவுக்கு விளக்கேற்றியவர்.' பத்து நிமிடத்தில் அதையும் அழிப்பார்கள். அண்ணனை இந்தத் தடவை வாசலுக்குக் கூப்பிட்டுச் சும்மா பேசி அனுப்பமாட்டார்கள்.

அல்லது வழக்கம்போல மாடு, கரும்பு என்று நல்லதாக ஒரு வரி. ஊர் படித்து அழும். மாதையன் போட்டால்தான் எழவு எழவு மாதிரி இருக்கிறது என்பார்கள். எங்கள் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டே இருப்பார்.

இதுவரை எழுதியிருப்பது:

'துயரச் செய்தி. சின்னுசாமி அவர்களின் தாயார் சென்னியம்மாள் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாரின் இறுதிச் சடங்கு இன்று மாலை மூன்று மணிக்குத் தோட்டத்து இல்லத்தில் நடைபெறும். இவர்—'

எங்கடா என்று அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டான். மழை விட்டிருக்கிறது, வண்டியை எடுக்கச் சொல்லுகிறார்கள்.

நீங்கள் இதைப் படிக்கும்போது சென்னியம்மாளை எடுத்து வெகுநாள் ஆகியிருக்கும். இவர் என்பதற்குப் பிறகு என்ன எழுதி அனுப்பினேன் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பகுதியோடு நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் இவ்வளவு தூரம் வந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால், உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். அந்த குரூப் உங்கள் போனில் இருக்கும். போன மாசி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகாலுக்குக் கொஞ்சம் பின்னால். மேலே தள்ளிக்கொண்டே போங்கள். நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்று வரும். நடுவில் ஒரு விளக்கு ஆடுகிறதா என்று பாருங்கள்.

ஆடினால் எனக்கு எழுதுங்கள். ஆடாவிட்டால் எழுதவேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.